நடுங்கும் ஜீப்பும் நோய் பார்க்கும் கூலியும்

கட்டுமாவடி மாதிரி கடலோர ஊரில் பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவருக்குத் தெரியும் அந்த நடுக்கம். ஊருக்குள் போகும்வரை ஒன்றும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி ஐம்பதைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் உறுமல் கிளம்பும். கடையில் விட்டால் முதலில் ஜாயிண்ட் கிராஸ் மாற்றப்படும். பிறகு பேரிங். பிறகு கியர் பாக்ஸ் மவுண்டிங். மூன்று பில் கட்டிய பிறகும் நடுக்கம் அப்படியே இருக்கும்!

இதற்கு மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் பாதித் தப்பு வண்டிக்காரருடையது. இங்கே பழுதைக் கண்டுபிடிப்பதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. சாமான் மாற்றினால்தான் காசு. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஷாஃப்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, "சரியாயிடுச்சுண்ணே" என்று ஒரு மெக்கானிக் சொன்னால், "இதுக்கா முந்நூறு ரூபா?" என்பார்கள். அதே ஆள் பழைய பேரிங்கைக் கையில் கொடுத்து மூவாயிரம் கேட்டால் வாய் பேசாமல் எடுத்துக் கொடுப்பார்கள். ஊசி போடாத டாக்டரையே குறை சொல்கிற ஊரில் மெக்கானிக் மட்டும் என்ன செய்வார்? :)

இத்தனைக்கும் இந்த நோயைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நடுங்குகிற வேகத்தில் போகும்போது, பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் சத்தம் இறங்கிய பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான். நின்று போனால் பெரும்பாலும் எஞ்சின், கிளட்ச், மவுண்டிங் பக்கம் பார்க்கலாம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சாமான்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விடும்.

அடுத்தது சக்கரமா, ஷாஃப்டா என்ற கேள்வி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஜீப் சக்கரம் வினாடிக்கு ஏழு தடவை போலச் சுற்றும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றும், அதாவது முப்பது நாற்பது தடவை. அதனால் 'தட தட' என்று எண்ணிவிடக் கூடிய உதறல் என்றால் சக்கரம், 'கிர்ர்' என்ற ரீங்காரம் என்றால் ஷாஃப்ட். அதற்கும் முன்னால் வண்டியின் அடியைக் கழுவுங்கள். ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேறு ஒன்றே போதும் சக்கரத்தை ஆட்ட.

ஷாஃப்ட்தான் என்று தெரிந்தால் எது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு ஷாஃப்ட். முன் ஹப்பில் ஃப்ரீ வீல் இல்லாத பழைய ஜீப்பில், ஃபோர் வீல் போடாதபோதும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக் கொண்டேயிருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். ஜாயிண்ட் கிராஸ் சாய்ந்த நிலையில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அதன் இயல்பே அது. மறுமுனையில் உள்ள கிராஸ் அதை எதிர்த்து ஈடுகட்டிவிடும், இரு முனை யோக்கும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால்! கிளட்ச் வேலைக்காக ஷாஃப்டை இறக்கியவர் ஸ்பிளைனை ஒரு பல் மாற்றிச் செருகிவிட்டால் கணக்கு கெட்டது. சாமான் எல்லாம் புதுசு, நடுக்கம் மட்டும் பழசு. கழற்றுமுன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை. லோடுக்காகக் கமான் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கினாலும் ஷாஃப்டின் சாய்வு மாறி இதே கதைதான்.

உப்புக் காற்று இன்னொரு எதிரி. கிராஸ் கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரிந்தால், உள்ளே ஊசி பேரிங் துருவாகிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் மணலிலிருந்து தார் ரோட்டுக்கு வந்த பிறகும் ஃபோர் வீல் லீவரை எடுக்காமல் ஓட்டி, திருப்பத்தில் வண்டி முறுக்கிக் கொண்டு உதறினால் அது நோயே அல்ல. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன, நடுவில் அதைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இல்லை, அவ்வளவுதான்.

எனவே வண்டியை விடும்போதே, "கண்டுபிடிக்க இவ்வளவு, சாமான் மாற்றினால் அது தனி" என்று பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. கடைக்காரருக்குப் பொறுமையாக ஓட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். பிடிக்காவிட்டால் வேறு கடைக்கு எடுத்துப் போகலாம், அப்போதும் விஷயம் கையில் இருக்கும்.

செலவுக்குப் பயந்து நடுக்கத்தோடு ஓட்டுபவர்களும் உண்டு. அந்தக் கால வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் அறுந்தால் ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தைப் பிடிக்காது. அறுந்தது முன் முனையாக இருந்து, அது தரையில் குத்தினால், வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். சோதனைக்காகப் பின் ஷாஃப்டைக் கழற்றுபவர்களும் சக்கரத்துக்குக் கட்டை போடாமல் அடியில் படுக்கக் கூடாது.