டம்ளரில் விழுந்த புளியங்கொட்டை



சென்ற ஞாயிறு மாலை நம் இல்லத்திற்கு ஓர் இளைஞன் வந்தான். உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன், ஜீப் ஓட்டுபவன். காயெடுப்புக் காலத்தில் விடியுமுன் மலையிறங்கித் தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலையாட்களை ஏற்றி வருவான். காப்பியைக் குடித்து முடித்த பின்னும் எழவில்லை. “அண்ணே, போக்கர் ஆட்டம் உங்களுக்குத் தெரியுமாமே, எனக்குக் கற்றுத் தர வேண்டும்” என்றான்.

நம் மனைவியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் காரணத்தை அன்பர்களுக்குச் சொல்லிவிடுவதே முறை.

2021ஆம் ஆண்டு ஐப்பசியில், குடும்பம் மலைமேல் இருக்க, நாம் சமவெளியில் ஒரு ரயில்வே குடியிருப்பில் தனித்திருந்தோம். பணி முடிந்தால் பேச ஆள் இல்லை. கைப்பேசியில் போக்கர் கற்றோம். முதலில் பொய்க்காசு கொடுத்தார்கள், அதில் இலட்சாதிபதியானோம். பொய்க்காசு மேசையில் எவனும் அஞ்சி ஆடுவதில்லை என்பதும், அங்கே பெறும் வெற்றி ஒன்றையும் கற்பிப்பதில்லை என்பதும் பின்னரே விளங்கின. அப்பால் 500 ரூபாய் போட்டோம். எழுத்தர் அல்லவா, போட்டதையும் எடுத்ததையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். பங்குனியில் கூட்டிப் பார்க்கையில் போட்டது 63,500, எடுத்தது 22,500. விடுமுறையில் வந்தபோது பெட்டியிலிருந்த ஏட்டை மனைவியார் புரட்டிவிட்டு, “இது எந்த ரயிலின் கணக்கு?” என்று கேட்டார். அவ்வாண்டு இடவப்பாதி மழையிலும் நம் தந்தையார் வீட்டுக் கூரை ஒழுகிற்று. கூரைக்கு வைத்த பணம் அது.

ஆகையினால் இளைஞனிடம் தெரியாது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தெரியும் என்று சொல்லி, ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வரச் செய்தோம்.

ஆட்டம் கடினமன்று. மூன்று சீட்டு ஆடியவர்க்குப் பாதி விளங்கிவிடும். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தருவார்கள். மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு மற்றொன்று என ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திறப்புக்கு முன்னும், இறுதியிலும், பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். எல்லாரும் விலகிவிட்டால் கையில் ஒன்றுமில்லாதவனும் வெல்வான். பாசாங்கு என்பது இதுதான். இளைஞனுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்துப் போயிற்று.

நமக்குப் பிடித்தது கணக்கு. 52 சீட்டில் ஐந்தை எடுக்கும் வகைகள் 25,98,960. அவற்றுள் ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை அமைவன நான்கே. முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வருவது பதினேழில் ஒரு முறை. ஏஸ் ஜோடி 221இல் ஒரு முறை. அத்தனை நேரம் காத்திருந்து அந்த ஏஸ் ஜோடி வந்தாலும், எதிரில் ஒருவனே இருந்தாலும், நூற்றுக்குப் பதினைந்து முறையளவில் தோற்போம். கற்றுக்குட்டிக்கு நல்ல ஆசான் சொல்வது ஒன்றுதான்: பெரும்பாலான சீட்டுகளைக் கீழே போடு. ஒரு மணி நேரம் சும்மா உட்காரும் பொறுமை உள்ளவன் இவ்வாட்டத்திற்கு வருவதே அரிது. நாம் அப்படிப்பட்டவராய் இருந்ததில்லை.

திறமைக்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. வெறும் அதிர்ஷ்டமானால் அவ்வாறு வெல்ல இயலாது. கணினியே வெல்லும் மேசையில் முகம் தெரியாத எதிராளி மனிதன்தானா என்று அறிய வழியில்லை என்பது இதன் மறுபக்கம்.

நீதிமன்றங்களிலும் இந்த வழக்கே நெடுங்காலம் நடந்தது. 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடுத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. தமிழகத்தில் நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் அச்சட்டம் பொருந்தாது என்றது. இடைப்பட்ட திங்கள்களில் போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்குக் கிழக்கே குற்றமானது மேற்கே குற்றமாகாமல் இருந்தது. ஒரே ஜீப் பயணத்தில் இரண்டு சட்டம்!

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்த வழக்கையே ஒதுக்கி வைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரைத் தண்டிக்கும் விதி அதில் இல்லை.

“பிறகு எதில் ஆடப் போகிறாய், தம்பி?” என்று கேட்டோம். தயங்கித் தயங்கிக் கைப்பேசியைக் காட்டினான். நண்பன் ஒருவன் அனுப்பிய இணைப்பு. வெளிநாட்டு நிறுவனமாம். பணம் செலுத்த வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லை. யாரோ ஒரு தனி மனிதரின் வங்கிக் கணக்கு இருந்தது. அப்படிப்பட்ட கணக்குகள் மோசடி வழக்குகளில் சிக்குவது உண்டு. வென்ற பணம் அதிலிருந்து நம் கணக்கிற்கு வந்தால், போலீசார் நம் கணக்கையும் முடக்கி வைக்க இடமுண்டு. அவனுக்கு இருப்பது ஒரே கணக்கு. ஜீப்பின் தவணை அதிலிருந்துதான் போகிறது. இதைச் சொன்னபோதுதான் அவன் முகம் சற்று மாறிற்று.

பின்னர் ஆட உட்கார்ந்தோம். அவன், அவன் நண்பர் இருவர், நாம். ஆளுக்கு 50 புளியங்கொட்டை. பல்லாங்குழிக்காக நம் அன்னையார் சேர்த்து வைத்தவை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம்: ஒவ்வோர் ஆட்டத்திலும் குவியலில் சேரும் இருபது கொட்டைக்கு ஒன்று, மேசை நடத்துபவர் பங்காக ஒரு டம்ளரில் விழ வேண்டும். நூற்றுக்கு ஐந்து, இணையத்தில் எடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவே.

இரவுச் சாப்பாட்டிற்கு அழைக்கும்வரை அறுபது ஆட்டம் நடந்தது. இணையத்தில் அது ஒரு மணி நேர ஆட்டம். நாமும் நண்பருள் ஒருவனும் வெறுங்கையோடு எழுந்தோம். (நம் ஆட்டம் இன்னும் தேறவில்லை.) ஜீப் இளைஞன் 81 கொட்டையோடு மலர்ந்த முகமாய் இருந்தான். மற்றவனிடம் 59. நம் அன்னையார் டம்ளரைக் கவிழ்த்து எண்ணினார். 60.

“ஒரு சீட்டும் ஆடாத டம்ளர் உன்னைவிட ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறதே!” என்று இரண்டாமவனிடம் சொல்லிச் சிரித்தார். ஜீப் இளைஞன் சிரிக்கவில்லை. “இன்னும் அறுபது ஆட்டம் ஆடியிருந்தால், அண்ணே?” என்றான். கைப்பேசிக் கணக்கியை எடுத்து அவனே போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த இணைப்பை அழித்துவிட்டானா என்று நாம் கேட்கவில்லை. வருகிற ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கொட்டைகள் கழுவி வெயிலில் காய்கின்றன. டம்ளர் மட்டும் வேறொன்று தேட வேண்டும்; அது நம் மனைவியார் காப்பி குடிக்கும் டம்ளராம்.