பல்லான்டெனாப் பலகையும் கிராமக் கோபுரமும்

கைபேசிக் கோபுரங்களின் உச்சியில் அண்மைக் காலமாகக் காணப்படும் தட்டையான பெட்டியைப் பற்றி மாணவர்கள் ஆசிரியரை வினவுகின்றனர். ஊர்மக்கள் களப்பணியாளரை வினவுகின்றனர். நகரத்துக் கோபுரத்தில் உள்ள பெட்டி நம் ஊர்க் கோபுரத்தில் ஏன் இல்லை என்பதே பெரும்பாலும் வினா. "விரைவில் வரும்" என்று விடையிறுத்தல் எளிது. அவ்விடை பொருத்தமானதா என்பது ஆராயத்தக்கது.

இப்பெட்டிக்கு மாஸிவ் மைமோ என்று பெயர். தனித்தனியே இயக்கத்தக்க 32 அல்லது 64 ஆன்டெனாத் தொகுதிகள் இதனுள் அணிவகுத்து நிற்கின்றன. கைபேசி முதலில் ஓர் அடையாளக் குறியை அனுப்புகிறது. சுவரிலும் மரத்திலும் மோதித் திரும்பி வரும் அக்குறி, ஒவ்வோர் ஆன்டெனாவையும் சிறிது வேறுபட்ட நேரத்தில் அடைகிறது. நிலையம் அவ்வேறுபாடுகளைக் கணித்து, அவற்றுக்கு ஈடுசெய்யும் வகையில் தன் அலைகளை அனுப்புகிறது. அலைகள் அந்தக் கைபேசி இருக்குமிடத்தில் ஒன்றுகூடி வலுப்பெறுகின்றன. பிற இடங்களில் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரே நொடியில், ஒரே அலைவரிசையில், பல கைபேசிகளுடன் தனித்தனியே பேச இயலுகிறது. பெட்டி உரத்துக் கூவுகிறது என்று சிலர் எண்ணுவது தவறு. இன்னார் எங்கிருக்கிறார் என்பதை அறிந்து பேசுகிறது என்பதே சரி.

இக்கலையின் வேரில் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இருக்கிறார். இந்தியக் கடற்படையில் சோனார் சாதனத்தை உருவாக்கியவர் அவர். பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து, பல ஆன்டெனாக்களால் செய்தியளவைப் பெருக்கும் முறைக்கு 1994-இல் காப்புரிமை பெற்றார். கைபேசிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை மிக அதிகமாக்கினால் விளையும் நன்மையை, பெல் ஆய்வுக்கூடத்துத் தாமஸ் மார்செட்டா 2010-இல் எடுத்துக்காட்டினார்.

நன்மை எங்கே விளைகிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ரயில் நிலையம், கடைவீதி, விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் அலையை நாடுகின்றனர். அங்கே இப்பலகை தன் முழுத்திறனையும் காட்டுகிறது. சிதறிய குடியிருப்புகளில் ஒரே நொடியில் நாடுவோர் இருவரோ மூவரோதாம். பலரோடு ஒருங்கே பேசும் ஆற்றல் அங்கே பெரும்பாலும் வாளாவிருக்கும். அலைகளைக் குவிப்பதால் தொலைவில் சிறிது இலாபம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் வயலோரத்துக் கைபேசியின் அடையாளக் குறி கோபுரத்தைத் தெளிவாக எட்டியாக வேண்டும்; கைபேசி அனுப்பும் சக்தியோ ஏறத்தாழ வாட்டில் ஐந்திலொரு பங்கே.

தொலைவுக்கு ஏற்றது தாழ்ந்த அதிர்வெண். 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.6 செ.மீ.; ஆன்டெனாக்களுக்கு இடையே அதிற் பாதி இடைவெளி விட்டால், எட்டுக்கு எட்டு என்ற அணி 35 செ.மீ. சதுரத்தில் அடங்கும். 700 மெகாஹெர்ட்ஸில் அதே அணி 1.7 மீட்டர் சதுரமாகிவிடும். அத்தகைய பலகையைக் காற்றடிக்கும் கோபுரத்தில் ஏற்றுவோர் அரியர். நகரத்துப் பெட்டியை அப்படியே கிராமத்துக்குக் கொணர இயலாமைக்கு இந்த எளிய அளவுக் கணக்கே ஒரு காரணம். இதைக் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

கிராமத்தின் உண்மைக் குறை பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. கோபுரத்தைப் பிணையத்தோடு இணைக்கும் வழி குறுகியதாயின், உச்சியில் எத்தனை ஆன்டெனா இருந்தும் பயனில்லை. ஊற்றில்லாக் கிணற்றில் ஏற்றத்தை இரட்டிப்பாக்குவது போன்றதே அது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு செல்லும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. 2015 முதல் பாரத்நெட் என வழங்குகிறது. அவ்விழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டதா, கோபுரத்தையும் எட்டியதா என்பதைக் கேட்போர் குறைவு. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் கோபுரத்து மின்கலங்கள் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் அவ்வாறே கேட்கப்படுவதில்லை.

ஊரார் விண்ணப்பம் எழுதும்போது "ஐந்தாம் தலைமுறைப் பெட்டி வேண்டும்" என்று எழுதுகின்றனர். களப்பணியாளர் அருகிருந்து, இழை, மின்கலம், தாழ்ந்த அதிர்வெண் என்ற மூன்றையும் அதில் முதலாவதாகச் சேர்க்கச் செய்தல் வேண்டும்.