எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீர்: நானோ இழைச் சோதனையை எங்கள் கண்முன் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்: எண்ணெய்க் கிணறுகளை ஒட்டிய கிராமங்களின் விவசாயிகள் சங்கம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சென்னை.

நகல்: மாவட்ட ஆட்சியர், திருவாரூர்.

பொருள்: எண்ணெய்க் கழிவுநீரை ஒளியால் இயங்கும் நானோ இழை விரிப்பு கொண்டு சுத்திகரித்துச் சோதித்தல் தொடர்பாக.

ஐயா,

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதித்தது. முன்பே தோண்டிய கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை. கிணறு பழசாக ஆக எண்ணெய் குறையும். கூடவே வரும் உப்புநீர் பெருகும். எண்ணெய்த் துளி, பென்சீன், பீனால், கன உலோகம் எல்லாம் அதில் கலந்திருக்கும். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் வாய்க்காலில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. தண்ணீர் வடிந்ததும் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அந்த இடத்து நாற்று நுனி கருகி நிற்கிறது.

இந்தக் கழிவுநீரில் உள்ள எண்ணெயை நீக்க ஒரு வழியாக நானோ இழை விரிப்பு ஆய்வகங்களில் சோதிக்கப்படுகிறது. தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லிய இழைகளில் டைட்டானியம் டையாக்சைடு இருக்கும். வெயில் பட்டதும் அது நீரில் வீரியமான ஆக்சிஜனேற்றிகளை உண்டாக்கி எண்ணெயையும் பீனாலையும் சிதைக்கும். தூளாகப் போட்டால் திரும்ப எடுப்பது சிரமம். விரிப்பைத் தூக்கிக் கழுவி மறுபடியும் போடலாம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத எங்கள் மண்ணில் இதைச் சோதித்துப் பார்க்கக் கோருகிறோம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த விரிப்பு உப்பை நீக்காது. குளோரைடு மிகுந்த நீரில் அதன் வேகமும் குறையும். சாதாரண டைட்டானியம் டையாக்சைடு புற ஊதாக் கதிரில்தான் வேலை செய்யும். சூரிய ஒளியில் அது ஏறக்குறைய 5 விழுக்காடே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் குறையும். நெல்லுக்கு எமன் உப்புதான். நிலத்தில் விடும் நீரில் லிட்டருக்கு எண்ணெய் 10 மில்லிகிராம், குளோரைடு 600 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. எண்ணெயை மட்டும் அளந்துவிட்டு, "சுத்திகரித்தாகிவிட்டது" என்று ஒரு சொட்டு நீரையும் வாய்க்காலில் விட அனுமதிக்காதீர்கள். புதிய கிணறு கேட்பதற்கும் இந்தச் சோதனை சாக்காகக் கூடாது.

இப்போது இயங்கும் எண்ணெய் சேகரிப்பு நிலையம் ஒன்றின் வளாகத்துக்குள், அதை நடத்தும் நிறுவனத்தின் செலவில், கோடையிலும் மழைக்காலத்திலும் சோதனை நடக்க வேண்டும். மாதிரிகளை எங்கள் பிரதிநிதிகள் முன்னிலையில் எடுத்து அண்ணா பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இழை அறுந்து நீரில் கலக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வயல் மண்ணை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஆராயட்டும். தினமும் எவ்வளவு கழிவுநீர் வருகிறது, எங்கே போகிறது என்ற கணக்கைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே வாரிய அதிகாரிகள் நேரில் வந்து, எங்கள் வாய்க்கால்களில் முதல் மாதிரியை எடுக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்