இறக்கை இல்லாத காற்றாலையும் மத்திகிரி மாட்டுப் பண்ணையும்

காற்றாலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முப்பந்தல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாக நின்று சுழலும் அந்த வெள்ளை ராட்சசர்கள் மின்சாரம் தயாரிப்பவை. ஆனால் காற்றாலை முதலில் பிறந்தது மாவு அரைக்கத்தான். வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அதைக் கொண்டு போனார்கள். சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பக்கம் அது வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. வீட்டுக்கு வீடு திருகை இருந்தது. கேழ்வரகை அரைத்துக் களி கிண்ட அதுவே போதும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் அப்படிப்பட்ட ஒரு காற்றாலை இன்றும் நிற்கிறது. அந்த நாட்டில் எஞ்சியிருக்கும் காற்றாலைகளில் மிகப் பழையது அதுதான். 1828ல் கட்டியவர்கள் கைதிகள். அப்போது அந்த ஊரே ஒரு சிறை. இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, வந்த இடத்திலும் மீண்டும் குற்றம் செய்தவர்களை அடைத்து வைத்த இடம். பேட்ரிக் லோகன் என்ற கொடுமைக்காரத் தளபதி அதை ஆண்டான்.

காற்று அடிக்காத நாளில் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஆலையோடு ஒரு பெரிய மிதி சக்கரத்தை இணைத்தார்கள். கைதிகள் அதில் ஏறிப் படிக்கட்டு ஏறுவது போல மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதிக்க மிதிக்கக் கல் சுழலும், மாவு விழும். காற்று செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்தான், தண்டனையாக! 1841ல் இரண்டு பழங்குடி மனிதர்களை அந்த ஆலையிலேயே தூக்கிலும் போட்டார்கள்.

இத்தனை ரத்தக்கறை படிந்த கட்டடத்தை இடித்துத் தள்ளியிருக்கலாமே? அவர்கள் இடிக்கவில்லை. அதற்குக் காரணம் பாசம் அல்ல, பயன். மாவு அரைக்கும் வேலை முடிந்த பிறகு, உயரமான இடத்தில் இருந்ததால் 1861ல் அதைச் சைகை நிலையமாக மாற்றினார்கள். கப்பல் வரும் செய்தியைக் கொடி ஏற்றி ஊருக்குச் சொன்னார்கள். உச்சியிலிருந்து ஒரு பந்தைக் கீழே இறக்கி நேரம் காட்டினார்கள். 1934ல் அதே கோபுரத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்புச் சோதனை நடந்தது. இறக்கைகள் போய்விட்டன, கோபுரம் நிற்கிறது. 1992ல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் அது இடம்பெற்றது.

சரி, எங்கோ இருக்கும் காற்றாலைக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்த ஆலைக்கு நான்கு வருடம் மூத்த ஒன்று ஓசூரில் இருக்கிறது. மத்திகிரி கால்நடைப் பண்ணை! 1824ல் கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்தது. பிறகு மாடு, ஆடு, கோழி என்று மாறி, இன்று தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் இருக்கிறது. பரப்பு சுமார் 1,640 ஏக்கர். பிரிஸ்பேன் ஆலையைப் போலவே இதுவும் வேலையை மாற்றிக்கொண்டே பிழைத்து வந்திருக்கிறது. 2024ல் அதற்கு 200 வயது முடிந்தது. சிப்காட் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"அடிமைக் காலத்துச் சின்னத்தை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1767ல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் செங்கத்தில் போர் நடந்தது. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைக் கும்பினி பறித்துக்கொண்டது. அந்தப் பண்ணையின் குதிரைகள் நம்மை ஆளத்தான் வளர்க்கப்பட்டன. ஆனால் சின்னத்தைக் காப்பது என்றால் அதைக் கும்பிடுவது என்று அர்த்தமில்லை. ஆலை இடிந்திருந்தால் மிதி சக்கரத்தில் தேய்ந்த கால்களின் கதையும் சேர்ந்து போயிருக்கும். சாட்சியை அழித்தால் லாபம் குற்றம் செய்தவனுக்குத்தான்.

ஓசூரில் நிலத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று அரசு அறிவித்ததும் அது இன்னும் சூடாகிவிட்டது. ஊருக்கு நடுவில் இத்தனை பெரிய பசுமை நிலம் இருந்தால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் விழும். தொழிற்சாலையும் வேண்டும், வேலையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வரலாறு தெரியாத நிலம் வெறும் மனையாகத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வாசலில் தமிழில் ஒரு வரலாற்றுப் பலகை. பழைய பதிவேடுகளும் படங்களும் வைக்க ஓர் அறை. வருடத்துக்கு ஒரு முறை மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுலா. பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்பேன்காரர்கள் இறக்கை இல்லாத ஆலையையே காப்பாற்றிக்கொண்டார்கள். நம்மிடம் இருப்பதோ இன்னும் உயிரோடு வேலை செய்யும் பண்ணை. அதைத் தெரிந்துகொள்ளக்கூட நமக்கு நேரமில்லை என்றால் எப்படி?