முதுமையை எண்ணுவோர் மூணாற்றையும் எண்ணுக!

மக்கள்தொகை முதுமையடைவதை ஆராய நம் மாணவர் பலர் அயல்நாட்டுப் பல்கலைக் கழகங்களை நாடுகின்றனர். வரவேற்கிறேன். 2017-18இல் மும்பை மக்கள்தொகை நிறுவனத்துடன் ஹார்வர்டும் தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகமும் கைகோத்து, 45 வயது கடந்தோரும் அவர்தம் துணைவருமாக 72,000 பேருக்கு மேல் ஆராய்ந்தன. அரும்பணிதான்!

ஆயினும் கேட்கிறேன்: மூணாற்றில் கொழுந்து கிள்ளி முதிர்ந்த தமிழ்த்தாய் எந்தக் கணக்கில் வருகிறாள்?

2021 மதிப்பீட்டின்படி 60 வயது கடந்தோரின் விகிதத்தில் கேரளம் முதலிடம். தமிழகம் அடுத்த இடம். அவளோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறாள். 58 வயதில் ஓய்வு. குடியிருந்த லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்ட வேலையில் இல்லையெனில், வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிறகு மலையிறங்கித் தமிழகம் வருவோர் பலர். உழைத்தது ஒரு மாநிலம். முதுமையைச் சுமப்பது மற்றொன்று! மாநிலவாரிப் பட்டியல் அவள் வாழ்வை இரண்டாக வெட்டிவிடுகிறது.

2015இல் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு போனசுக்குப் போராடி வென்ற பெண்களில் பலருக்கு இன்று ஓய்வு வயது. போனசு கிடைத்தது, கூரை கிடைத்ததா?

நண்பர்களே! அயல்நாடு செல்லுங்கள், அங்குள்ள ஆய்வு முறைகளைக் கற்று வாருங்கள். ஆனால் உங்கள் ஆய்வு போடிமெட்டுச் சோதனைச் சாவடியோடு நின்றுவிட வேண்டாம். எல்லை கடந்து அவள் பின்னே செல்லட்டும். ஓய்வூதியமும் வீடும் யார் பொறுப்பு என்று இரு அரசுகளையும் கேட்க, அந்தக் கணக்கு நமக்கு வேண்டும். கணக்கில் ஏறாத முதுமைக்குக் கஞ்சி ஊற்றுவார் யார்?