தைராய்டு: அவசரமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சென்றால் பொன்முடியை அடையலாம். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். மேலே சென்றதும் உடல் குளிர்கிறது, கால்கள் சோர்கின்றன. சுற்றுலா செல்லும் நாம் அதை மலையின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அங்குள்ள தேயிலைச் சரிவுகளில் நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் குளிரும் சோர்வும் அன்றாட வாழ்க்கை. குளிர் தாங்காமை, சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், சற்றே கூடும் எடை ஆகியவையே தைராய்டுக் குறைவின் அறிகுறிகளாகவும் சொல்லப்படுகின்றன. உழைப்பின் களைப்பு எது, நோயின் களைப்பு எது என்று பிரித்தறிவது எளிதன்று. அந்தக் குழப்பம் மலைத்தோட்டத்தில் மட்டுமன்றி, நகரத்தில் மேசைமுன் அமர்ந்து பணிபுரியும் நமக்கும் உண்டு.

குழப்பத்தைத் தீர்ப்பதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கழுத்தின் முன்புறத்தில் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டுச் சுரப்பி, டி4 எனப்படும் தைராக்ஸினைச் சுரக்கிறது. அது போதவில்லை எனில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஏவல் சுரப்பைக் கூட்டி அதனைத் தூண்டுகிறது. டி4 இயல்பாகவே இருக்க, டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்து 4-க்கும் 10-க்கும் இடையில் நிற்பதையே இலேசான தைராய்டுக் குறைவு என்கிறோம். முழு உடல் பரிசோதனைத் திட்டங்கள் பெருகிவிட்ட இந்நாளில், எந்தத் தொல்லையும் உணராத பலரின் அறிக்கையிலும் இந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. கொச்சியில் வயது வந்தோர் 971 பேரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், 9.4 விழுக்காட்டினரிடம் இந்த இலேசான குறைவு காணப்பட்டது. பெண்களிடம் அது 11.4 விழுக்காடு. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர்! இத்தனை பேரும் ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டியவர்கள்தாமா?

இல்லை என்பதே நம் கருத்து. ஒரு நாளின் இருப்பைப் பார்த்து ஆண்டின் வரவுசெலவை எவரும் முடிவு செய்வதில்லை. டி.எஸ்.எச். அளவும் அத்தகையதே. இரவிலும் அதிகாலையிலும் அது உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். கடும் நோயிலிருந்து தேறும் நாட்களில் தற்காலிகமாக ஏறும். முதுமையில் இயல்பாகவே சற்று உயரும். ஆகவே முதல் அறிக்கையைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, இயன்றவரை அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். இலேசாக உயர்ந்த அளவு மருந்தின்றியே இயல்புக்குத் திரும்புவது பலரிடம் காணப்படுகிறது.

மீண்டும் உயர்ந்தே இருந்தால்? ஐரோப்பிய நாடுகள் நான்கில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. பாதிப்பேருக்கு லெவோதைராக்ஸின், பாதிப்பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து உண்டோரின் டி.எஸ்.எச். எண் இறங்கியிருந்தது, ஆனால் சோர்விலோ ஏனைய அறிகுறிகளிலோ இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. எண் சீரானது, உடல்நிலை மாறவில்லை. இத்தகைய சான்றுகளை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோரின் இலேசான குறைவுக்கு வழக்கமாக மருந்து தர வேண்டா என்று உறுதியாகப் பரிந்துரைத்தது.

"மாத்திரை சிறியது, விலையும் குறைவு, உண்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர் உண்டு. குறைவது உண்டு. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். அளவு சரிதானா என்று பார்க்க மீண்டும் மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு, மலையிறங்கிச் சென்று வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி. இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சோர்வுக்குக் காரணம் தைராய்டுதான் என்று முடிவு கட்டிவிட்டால், இரத்தசோகை, உறக்கக் குறைவு, மனச்சோர்வு, ஓய்வில்லாத உழைப்பு ஆகிய உண்மையான காரணங்களைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

ஆயினும் மேற்சொன்ன பரிந்துரை எல்லோருக்கும் பொருந்தாது. இதை வாசகர்கள் அழுத்தமாக நினைவிற்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களும் கருத்தரிக்க விரும்புவோரும் காத்திருக்கலாகாது. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம்; அவர்கள் உடனே மருத்துவரை நாட வேண்டும். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினாலோ, டி4 குறைந்திருந்தாலோ மருந்து பற்றிய கணக்கு வேறு. கடும் அறிகுறி உடையவர்களையும் இளவயதினரையும் தனித்தே மதிப்பிட வேண்டும். சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் குறைவு முற்றும் வாய்ப்பு மிகுதி. அத்தகையோர் ஆண்டுதோறும் பரிசோதனையைத் தவறவிடலாகாது. ஏற்கெனவே மருந்து உண்போர் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக நிறுத்தக் கூடாது.

மருந்து உண்பது என்று முடிவானால் அதனை முறையாக உண்ண வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் உட்கொள்ளாதிருத்தல் வேண்டும். கண் விழித்ததும் தேநீர் அல்லது காப்பி அருந்தும் நமக்கு இதுவே கடினமான விதி. ஆனால் அந்தப் பானங்கள் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளியே உண்ண வேண்டும்.

மலைநாடு என்றதும் அயோடின் நினைவுக்கு வருவது இயல்பு. மழை மண்ணின் அயோடினைக் கரைத்துச் செல்வதால் மலைவாழ் மக்களிடம் முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. இமயமலையின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு அக்கழலையைக் குறைக்கும் என்று காட்டிற்று. அதன் வழியே 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. அயோடின் உப்பை இன்றும் நாம் கைவிடலாகாது. எனினும், போதிய அயோடின் கிடைக்கும் இடங்களில் தைராய்டுக் குறைவுக்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான்; ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-இல் விவரித்த நோய் அது. அதற்குக் கூடுதல் உப்போ அயோடின் துளிகளோ மருந்தாகா. மிகையான அயோடின் சுரப்பியை மேலும் தளர்த்தவும் கூடும்.

ஆகவே, அடுத்த முறை அறிக்கையில் அந்த எண் உயர்ந்திருந்தால், மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்போம். மறுபரிசோதனை எப்போது? டி4 அளவும் எதிர்ப்பொருள் சோதனையும் என்ன சொல்கின்றன? என் சோர்வுக்கு வேறு காரணம் இருக்கிறதா? மருந்து தொடங்கினால், பயன் தருகிறதா என்பதை எப்போது, எதைக் கொண்டு முடிவு செய்வோம்? இவற்றுக்கு விடை பெற்றபின் மருந்து உண்பதும், உண்ணாமல் கண்காணிப்பதும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். மலையில் கொழுந்து பறிப்பவருக்கும் அந்தத் தேநீரைச் சமவெளியில் அருந்தும் நமக்கும் அந்த உரிமை பொதுவானது.