தோட்டப் பெண்களின் இரத்தத்தை அளந்து பாருங்கள்

ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண் ‘உடம்பெல்லாம் அசதியா இருக்கு’ என்று சொன்னால் அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுப்பவளுக்கு அசதி இருக்கத்தானே செய்யும் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். டிஸ்பென்சரிக்குப் போனால் பனடோலோ சத்துக் குளிசையோ கிடைக்கும். எடுத்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அன்றைய பேர் (நாட்கூலிக் கணக்கு) அரைப் பேராகிவிடும்; ‘முன்னைப் போல வேலையில் சுறுசுறுப்பு இல்லை’ என்ற பேச்சும் சேர்ந்து வரும். இந்த அசதிக்குப் பின்னால் பல வேளைகளில் அளந்து காட்டக்கூடிய, குணப்படுத்தக்கூடிய ஒரு நோய் இருக்கிறது. அது இரத்தச்சோகை. பதுளை, ஹாலி-எல, பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று பரந்து கிடக்கும் தோட்டங்களில் வாழும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அவர் கர்ப்பிணியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம் பரிசோதிக்கப்பட வேண்டும். சோகை இருந்தால் அதன் காரணம் கண்டறியப்பட்டு, முழுமையாகச் சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். இதைச் செய்யும் ஆற்றல் நமக்கு இருக்கிறது. செய்யாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

நுரையீரலிலிருந்து உடம்பின் எல்லாப் பாகங்களுக்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்வது இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு இது ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹீமோகுளோபின் குறையும்போது இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதனால்தான் நாலு படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்பக்கம் சிவப்பில்லாமல் வெளிறியிருக்கும். உள்ளங்கையும் நாக்கும் வெளுக்கும். நாள்பட்டால் நகங்கள் நடுவில் குழிந்துபோகும். சிலருக்கு மண்ணோ பச்சரிசியோ தின்ன வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை வரும். அதைக் கெட்ட பழக்கம் என்று ஏசுகிறோம். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு காட்டும் அறிகுறி அது. இந்த நோய் திடீரென்று வருவதில்லை. மாதக்கணக்கில் மெல்லக் கூடுவதால் உடம்பு அதற்குப் பழகிப்போகிறது. ஹீமோகுளோபின் 8 கிராமுக்கு இறங்கிய பிறகும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் உண்டு. நடமாடுகிறார் என்பதால் ஒருவர் நலமாக இருக்கிறார் என்று முடிவுகட்ட முடியாது.

சோகை வேலைத்திறனை எவ்வளவு பாதிக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று, நமது நாட்டுத் தேயிலைத் தொழிலாளர்களிடமே நடத்தப்பட்டது. எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் பேராசிரியர் செனவிரத்னவும் அவர்களது குழுவினரும் செய்த அந்த ஆய்வு 1979 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மருந்தும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு எடுத்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்திலேயே, ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்த, மிக மோசமான சோகை உடையவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகமாக இருந்தது. இதே முடிவை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சோகையோடு மலையில் நின்ற பெண், தன்னால் எடுக்கக்கூடிய கொழுந்தை எடுக்க முடியாமல் கூலியையும் பறிகொடுத்திருக்கிறாள். சோம்பல் என்று பழிக்கப்பட்டது இரத்தக் குறைவாக இருந்திருக்கிறது. இந்த உண்மை தெரிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

சோகைக்குக் காரணம் ஒன்றல்ல என்பதால்தான் பரிசோதனை தேவைப்படுகிறது. முதலாவது, உணவு. காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோறும் ஒரு கறியும் என்று ஓடும் சமையலில் இறைச்சியும் மீனும் அரிது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி அதையும் தடுத்துவிடுகிறது, தேயிலையில் உள்ள தனின் இரும்போடு பிணைந்துகொள்வதால். இரண்டாவது, இரத்தப்போக்கு. அதிக மாதவிலக்கும் அடுத்தடுத்த பிரசவங்களும் உடம்பின் இருப்பைக் கரைக்கின்றன. உடம்பு வலிக்காக நெடுநாள் விழுங்கும் சில வலி மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்கி உள்ளுக்குள் இரத்தம் கசியவைக்கும். மூன்றாவது, கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு இது. ரொக்பெல்லர் மன்றம் 1916 இல் இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு கடந்தும் மலசலகூடம் ஒழுங்காக இல்லாத லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும்வரை இந்த ஆபத்து நீங்காது. நான்காவது, தலசீமியா. பெற்றோரிடமிருந்து பரம்பரையாக வரும் இந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சை அளிக்கும் முக்கிய நிலையங்களில் ஒன்று பதுளையில் இருக்கிறது என்பதே, இந்த மாகாணம் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டியதற்குச் சான்று.

‘கர்ப்பிணித் தாய்மாருக்குத்தான் குடும்பநல உத்தியோகத்தர்கள் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறார்களே, பிறகென்ன?’ என்று கேட்கலாம். உண்மைதான். நமது தாய்சேய் நலச் சேவை பெருமைப்படத்தக்கது. இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பெண்ணின் உழைப்பு வாழ்க்கை முப்பது, நாற்பது ஆண்டுகள். அதில் கர்ப்ப காலம் சில மாதங்கள்தான். கடைசிப் பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு அவள் எந்தத் தாய்சேய் கிளினிக் அட்டையிலும் இல்லை. நாற்பதை நெருங்கி மாதவிலக்கு ஒழுங்கற்றுப் பெருகும் வயதில், மிகத் தேவையான வேளையில், அவளுடைய இரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. கொடுக்கும் குளிசையையும் எப்படிக் குடிப்பது என்று அவரவர் மொழியில், பொறுமையாகச் சொல்ல வேண்டும். சாயத்தண்ணியோடு விழுங்கினால் பலன் போய்விடும். தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தால் பலன் கூடும். கல்சியம் குளிசையை வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்படத் தேவையில்லை. வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லிவிட்டு உணவோடு எடுக்கலாம். இரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் உடம்பின் இருப்பு நிறைய, குறைந்தது இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். இவற்றைத் தமிழில் யாரும் விளக்காத இடத்தில், வாங்கிய குளிசை தகரப் பெட்டிக்குள்ளேயே கிடப்பதற்குப் பெண்களைக் குறை சொல்ல முடியாது.

‘பரிசோதனைக்குச் செலவழிப்பதைவிட எல்லோருக்கும் குளிசையைக் கொடுத்துவிடலாமே’ என்பது இன்னொரு வாதம். பாடசாலைப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் போன்றோருக்கு அப்படிக் கொடுப்பதில் தவறில்லை. சோகை ஏற்கெனவே முற்றியவர்களுக்கு அது போதாது. புழு இருக்கும்வரை, புண் கசியும்வரை, குளிசை ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர். தலசீமியா வகைச் சோகையிலும் சிவப்பணுக்கள் சிறுத்து, இரும்புக் குறைபாடு போலவே தோன்றும். அந்த நோயாளிகளின் உடம்பில் இரும்பு தேவைக்கு மேல் சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கக்கூடும் என்பதால், காரணம் அறியாமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பது ஆபத்து. விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தால், கையடக்கக் கருவி சில நிமிடங்களுக்குள் ஹீமோகுளோபின் அளவைச் சொல்லிவிடும். குறைவாக உள்ளவர்களை மட்டும் மேற்பரிசோதனைக்கு அனுப்பினால் போதும். குளிசையும் புழு மருந்தும் இலங்கையின் இலவச மருத்துவத்தில் ஏற்கெனவே இருப்பவை. புதிதாகத் தேவைப்படுவது ஒழுங்கும் அக்கறையும்தான்.

இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு ஒன்றிருக்கிறது. ‘சோகையின் வேர் வறுமை. கூலியையும் வீட்டையும் சரிசெய்யாமல் இரத்தத்தை அளந்து என்ன பயன்?’ என்பது அது. வேர் வறுமைதான் என்பதை மறுக்க முடியாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப் பகுதிகளில் 32 சதவீதம். சோகையுள்ள தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், இரும்பு இருப்பில்லாத உடம்போடு வளர்ந்து, அதே மலையில் கொழுந்துக்குப் போகிறாள். கூலிப் போராட்டம் வெல்லும்வரை அவள் மூச்சு வாங்கிக்கொண்டே காத்திருக்க வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. சிகிச்சையும் கூலியும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் அளந்து எழுதிய இரத்த அளவுகள் கையில் இருந்தால், கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் தொழிற்சங்கங்களுக்கு அதைவிட உறுதியான ஆதாரம் வேறில்லை.

யார் செய்வது என்ற கேள்விக்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கான கட்டளைச் சட்டம் 1872 இல் வந்தது, 1912 இல் விரிவாக்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளியைப் பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பும் என்று குடியேற்ற ஆட்சியே ஏற்றுக்கொண்டிருந்தது. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகத்தைப் பொறுப்பெடுத்த கம்பனிகள் அந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது. மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் ‘அது தோட்டத்து விஷயம்’ என்று ஒதுங்க முடியாது. லயத்தில் இருப்பவரும் இந்நாட்டின் பிரஜைதான். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடும் நேரத்திலேயே, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குழு வந்து விரல் குத்திப் பார்க்கலாம். மேற்பரிசோதனைக்கு வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து யாரும் அசதிக்கு மருந்து தேடிப் போகமாட்டார்கள். பெண்களின் நலம் பார்க்கும் ‘வெல் வுமன்’ கிளினிக்குகளில் இரத்த அழுத்தமும் சீனி நோயும் பார்ப்பது போல ஹீமோகுளோபினையும் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். குழுவில் தமிழ் பேசும் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஊவாத் தேயிலையின் தரத்தை அளக்கக் கருவிகள் உண்டு, நிபுணர்கள் உண்டு. அதைக் கிள்ளும் கையின் இரத்தத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அளக்கும்படி கம்பனிகளும் மாகாணச் சபையும் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை தோட்டத்துச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: அசதியும் மூச்சிரைப்பும் இரண்டு வாரம் நீடித்தால், ‘எனக்கு இரத்தம் எவ்வளவு இருக்கிறது?’ என்று டிஸ்பென்சரியிலும் கிளினிக்கிலும் கேளுங்கள். அளந்து சொல்லும்வரை கேளுங்கள். அது உங்கள் உரிமை.